கண்ணும் கருத்தும் காமிராவும்

கைப்பேசியைத் தட்டினால் படம் பிறக்கும் காலம் இது. பிறந்த நாள் விழா, விளையாட்டு விழா, கோவில் தேர், மதிலேறிய பூனைக்குட்டி என எதைக் கண்டாலும் நம் கை காமிராவைத் தேடுகிறது. ஒரே மாலையில் இருநூறு படங்கள் எடுத்துவிடுகிறோம். ஆனால் அவற்றுள் ஒன்றையேனும் ஒரு நிமிடம் நின்று பார்க்கிறோமா? படங்கள் பெருகின, நம் பார்வை பெருகிற்றா? இவ்வினாவைத் தோழியர் யாவரும் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

புகைப்படக் கலை எளிதில் வந்ததன்று. 1820களில் பிரான்சு நாட்டு நீப்ஸ் என்பார் தம் வீட்டு மாடிச் சன்னல் வழியே தெரிந்த காட்சியை ஓர் உலோகத் தகட்டில் பதித்தார். அந்த ஒரு படத்திற்காகத் தகட்டின்மீது பல மணி நேரம் ஒளி விழவேண்டியிருந்தது. 1975ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோடக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் கையில் எடுத்துச் செல்லக்கூடிய டிஜிட்டல் காமிரா ஒன்றை அமைத்தார். அதன் எடை ஏறத்தாழ 3.6 கிலோ. அது பதிவு செய்த கருப்பு வெள்ளைப் படத்தில் இருந்தவை 10,000 புள்ளிகளே; அதையும் ஒலிநாடாவில் பதிய 23 வினாடிகள் ஆயின. இன்றோ நம் சட்டைப் பையில் அடங்கும் கைப்பேசி, கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளைக் கண்ணிமைக்கும் நேரத்தில் பதிந்துவிடுகிறது. கருவி இவ்வளவு வளர்ந்த பின்னும் நம் படங்கள் மங்கலாகவும் சாய்ந்தும் நெரிசலாகவும் இருப்பின், குறை கருவியிலா, பழக்கத்திலா?

“விலை உயர்ந்த காமிரா இருந்தால் நாங்களும் எடுப்போம்” என்று சொல்வோர் உண்டு. இதை நாம் ஏற்பதற்கில்லை. 1913இல் குஜராத்தின் நவ்சாரியில் பிறந்த ஹோமாய் வியாரவாலா அம்மையாரை எண்ணிப் பார்ப்போம். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞர் எனப் போற்றப்படுபவர் அவர். தொடக்க காலத்தில் அவர் எடுத்த படங்கள் அவருடைய கணவர் பெயரில் வெளிவந்தன. பெண்ணொருத்தி காமிராவோடு வருவதைப் பெரிதாக எண்ணாதவர் நடுவே புடவை உடுத்திச் சென்று, விடுதலை பெற்ற இந்தியாவின் தொடக்க ஆண்டுகளைப் படம் பிடித்தார். 2011இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது. அவர் கையாண்ட ரோலிபிளக்ஸ் காமிராவில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்களே எடுக்க முடியும். பன்னிரண்டே வாய்ப்பு உள்ளவர் கண்டபடி அழுத்துவாரா? எங்கே நிற்பது, எப்போது அழுத்துவது என்று முன்கூட்டியே கணித்தால்தான் அத்தொழிலில் நிலைக்க முடியும். அந்தக் கணிப்பே கலை. காமிரா அதற்கு ஏவலாள் மட்டுமே.

ஆகவே முதற்பழக்கம், அழுத்துமுன் ஒளியைப் பார்த்தல். நம் நாட்டு உச்சி வெயில் தலைக்கு நேர்மேலே நின்று கண்குழிகளில் நிழலைக் கொட்டும். எவ்வளவு அழகிய முகமும் அப்போது களைத்தே தோன்றும். காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை நான்கு மணிக்குப் பின்பும் வெயில் சாய்ந்து, முகத்தை மென்மையாகத் தழுவும். நண்பகலில்தான் எடுத்தாக வேண்டுமென்றால், வராந்தாவின் ஓரத்திலோ வேப்பமர நிழலிலோ தோழியை நிறுத்தி, வெளிச்சம் வரும் திசையை நோக்கச் செய்யலாம். இதற்குக் காசு வேண்டா. இரண்டடி நகர்ந்தால் போதும்.

இரண்டாவது, படத்தின் நான்கு ஓரங்களையும் பார்த்தல். நாம் முகத்தை மட்டுமே பார்க்கிறோம். காமிராவோ பின்னால் உள்ள குப்பைத் தொட்டியையும், தலையில் கொம்பு முளைத்தாற்போல் நிற்கும் விளக்குக் கம்பத்தையும் சேர்த்தே பார்க்கிறது. ஓரடி வலப்புறம் நகர்ந்தால் கம்பம் மறையும். நான்கடி முன்னே சென்றால் குப்பைத் தொட்டி வெளியே போகும். கைப்பேசித் திரையை விரலால் விரித்துப் பெரிதாக்குவதைவிடக் கால்களால் அருகே செல்வது நன்று.

மூன்றாவது, காமிரா செய்யும் தவறை அறிந்திருத்தல். காட்சி முழுவதும் நடுத்தரச் சாம்பல் நிற அளவு வெளிச்சம் உடையது என்னும் கணக்கிலேயே காமிரா ஒளியை அளக்கிறது. வெள்ளைச் சீருடை அணிந்த நாற்பது பேர் வெள்ளைச் சுவரின் முன் நின்றால், ‘வெளிச்சம் மிகுதி’ என்று எண்ணி அது குறைத்துவிடும். சீருடை சாம்பலாகும், முகங்கள் இருண்டுவிடும். குற்றம் முகத்தின் நிறத்தில் இல்லை, கணக்கில் இருக்கிறது. திரையில் முகத்தைத் தொட்டு, பல கைப்பேசிகளில் காணும் சூரியக் குறியைச் சற்று மேலே தள்ளினால் கணக்கு நேராகும். இவற்றோடு, எண்ணெய்க்கை பட்ட லென்சை மெல்லிய துணியால் துடைப்பதும், முழங்கைகளை விலாவோடு ஒட்டி ஆடாமல் பிடிப்பதும் சேர்ந்தால், பாதிக் குறைகள் நீங்கிவிடும்.

“படச்சுருள் செலவுதான் இல்லையே, நூறு எடுத்தால் ஒன்றாவது தேறாதா?” என்று கேட்கலாம். ஓட்டப் பந்தயத்தில் கயிற்றைத் தொடும் கணத்திற்கு அடுத்தடுத்துப் பல படங்கள் எடுப்பது முறையே. ஆனால் அசையாமல் நிற்கும் பாட்டியை ஒரே இடத்தில் நின்று இருபது முறை எடுத்தால், அவை இருபது படங்கள் அல்ல. ஒரே படத்தின் இருபது பிரதிகள். ஒவ்வொரு முறையும் இடத்தையோ உயரத்தையோ ஒளியையோ மாற்றினால்தான் அடுத்த படம் அடுத்த முயற்சியாகும். ஒரு நாள் முழுவதும் பன்னிரண்டு படங்களே எடுப்பதென்று நமக்கு நாமே வரம்பு இட்டுப் பார்ப்போம். பதறாத காரியம் சிதறாது என்பதன் பொருள் அன்று விளங்கும்.

இனித் திருத்துதல் பற்றிச் சில சொற்கள். திருத்தத்தின் முதற்படி கழித்தல். எடுத்தவற்றுள் நல்லதைத் தெரிந்து மற்றவற்றை நீக்கத் துணிவு வேண்டும். பின்னர் மூலப்படத்தைத் தனியே வைத்துவிட்டு, அதன் நகலில் மட்டுமே கை வைக்க வேண்டும். ஜேபெக் வடிவில் உள்ள படத்தைத் திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் அதன் நுட்பம் சிறிது சிறிதாகக் குறையும். முதலில் சாய்வை நிமிர்த்துதல், அடுத்து வேண்டாத ஓரத்தை வெட்டுதல், பின்பு வெளிச்சம், இறுதியில் நிறம் என்னும் வரிசை நல்லது. புல் பச்சையாகத் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். அது மரகதமாக மின்னும்வரை தள்ளக்கூடாது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு.

திருத்தமே கூடாதென்பாரும் உளர். அது சரியன்று. 1941இல் அமெரிக்கக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், நியூ மெக்சிகோ மாநிலத்து ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரின்மேல் நிலவு எழுந்ததைப் படம் பிடித்தார். ஒளி அளக்கும் கருவி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளியளவு நினைவில் இருந்ததால் மனக்கணக்கிலேயே எடுத்தார். இரண்டாவது படம் எடுப்பதற்குள் கல்லறைச் சிலுவைகள்மீது விழுந்த வெயில் மறைந்துவிட்டது. பின்னாளில் இருட்டறையில் அப்படத்தின் வானத்தைக் கருமையாக்கிப் பல முறை அச்சிட்டார். அவர் நிலவை இடம் மாற்றவில்லை, சிலுவையைக் கூட்டவில்லை. தாம் கண்ட காட்சியைப் பிறர் கண்ணுக்குத் துலக்கினார். துலக்குவது வேறு, திரிப்பது வேறு.

திரிப்பதற்கும் சான்று உண்டு. 1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியாகிரபிக் இதழ், அட்டையில் அடங்க வேண்டும் என்பதற்காக எகிப்தின் பிரமிடுகளைக் கணினியால் நெருக்கி வைத்துக் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. 1994 ஜூனில் டைம் இதழ், கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஓ. ஜே. சிம்ப்சன் என்னும் கறுப்பின விளையாட்டு வீரரின் காவல்துறைப் படத்தை மேலும் கருமையாக்கி அட்டையில் வெளியிட்டது. அதே வாரம் நியூஸ்வீக் இதழ் அதே படத்தை மாற்றாமல் வெளியிட்டதால், மக்கள் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தனர்; எதிர்ப்பு எழுந்தது. கருமையைக் கூட்டினால் குற்றவாளி போல் தோன்றும் என்னும் எண்ணத்தை அந்த அட்டை சொல்லாமல் சொல்லிற்று.

இது எங்கோ நடந்தது என்று நாம் இருந்துவிட முடியுமா? கைப்பேசியில் உள்ள ‘அழகூட்டும்’ வசதி நம் முகத்தை வெளுப்பாக்கி, மூக்கைச் சிறிதாக்கி, அம்மாவிடமிருந்து வந்த மச்சத்தையும் அழித்துவிடுகிறது. அங்கே கருமையைக் கூட்டினர். இங்கே நாம் குறைக்கிறோம். இரண்டிற்கும் வேர் ஒன்றே: கறுப்பு குறை என்னும் எண்ணம். பதினான்கு வயதுப் பெண்ணொருத்தி நாள்தோறும் அப்படத்தைப் பார்த்துப் பார்த்து, பிறகு கண்ணாடியில் தன் முகத்தைக் கண்டு வாடினால், அந்த இழப்பை எந்தக் காமிரா ஈடு செய்யும்? முகத்தில் விழும் ஒளியைத் திருத்துவோம். முகத்தைத் திருத்த வேண்டா. தோழியின் படத்தை எடுக்குமுன்னும் பிறருக்கு அனுப்புமுன்னும் அவளுடைய சம்மதம் கேட்பதும் இதனோடு சேர்ந்த கண்ணியமே.

இறுதியாக, காத்தல். கைப்பேசி ஒரு வாளித் தண்ணீரில் விழுந்தால் மூன்றாண்டு நினைவுகள் மூழ்கிவிடக்கூடும். முக்கியமான படங்களுக்கு மூன்று பிரதிகள் வேண்டும்; அவை இருவகைச் சேமிப்புகளில் இருக்கவேண்டும்; ஒன்று வேற்றிடத்தில் இருக்கவேண்டும் என்பது அத்துறையினர் பின்பற்றும் நெறி. ஆண்டுக்குப் பத்துப் படங்களையாவது தாளில் அச்சிட்டு, பின்புறம் பெயரும் நாளும் எழுதி வைப்போமாக.

நாற்பது ஆண்டுகள் கழித்து நம் வகுப்புப் படத்தை ஒருத்தி எடுத்துப் பார்ப்பாள். ‘இவள் இன்னாள்’ என்று விரல் வைத்து அவள் சொல்லும்போது, அங்கே இருப்பது நம் முகமாகவே இருக்கவேண்டும். தோழியரே, அடுத்த முறை காமிராவைத் தூக்கும்போது ஒரு கணம் நிற்போம், ஒளியைப் பார்ப்போம், ஓரங்களைப் பார்ப்போம், எதிரே நிற்பவரை உள்ளபடியே பார்ப்போம். பிறகு அழுத்துவோம்.