தொட்டிற் பருவமும் கல்வியும்

கல்வி பள்ளிக்கூட வாயிலிலே தொடங்குகிறதென்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். தமிழ் பயிலும் நாம் அங்ஙனம் எண்ணுதல் தகாது. நம் மொழிக்கு முதலாசிரியர் நம் அன்னையரல்லரோ?

ஜமைக்காத் தீவிலே இதற்கொரு சான்றுண்டு. 1986-87-ஆம் ஆண்டுகளில், கிங்ஸ்டன் நகரத்து ஏழைக் குடும்பங்களில், வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை ஆராய்ச்சியாளர் தேர்ந்தெடுத்தனர். அனைவரும் இரண்டு வயது நிரம்பாதவர். சிலர்க்குப் பால்மாவு மட்டும் அளித்தனர். சிலர் இல்லங்களுக்குச் சுகாதார ஊழியர் வாரந்தோறும் சென்று, குழந்தையோடு பேசி விளையாடத் தாயைப் பழக்கினர். சிலர்க்கு இரண்டும் கிட்டின, எஞ்சினோர்க்கு இரண்டுமில்லை. ஈராண்டில் அவ்வுதவி முடிந்தது. இருபதாண்டு கழித்து நோக்கியபோது, பேச்சும் விளையாட்டும் பெற்றோரின் வருவாய், பெறாதாரினும் ஏறத்தாழ 25 விழுக்காடு மிக்கிருந்தது. பால்மாவு மட்டும் பெற்றோர்க்கோ அத்தகைய பயன் காணப்படவில்லை.

உணவு வேண்டாவென்பது நம் கருத்தன்று; பசித்த குழந்தை விளையாடாது. 1975-இல் தோன்றிய நம் நாட்டு அங்கன்வாடிகள் பிள்ளைகளின் பசியாற்றுதல் பெருந்தொண்டே. ஆயினும், சமையலும் பதிவேடும் போக, பாட்டுக்கும் கதைக்கும் அங்கே நேரம் வேண்டும். சோற்றுக்குக் கணக்குக் கேட்கும் நாம் கதைக்கும் கணக்குக் கேட்டல் வேண்டும்.

சிறு பிள்ளைகளைத் தடுத்தோரை நம் ஆண்டவர் கடிந்துகொண்டார், பிள்ளைகளையோ அணைத்துக்கொண்டார். விடுமுறையில் ஊர் செல்லும் நாம், மாலைதோறும் அயல்வீட்டுக் குழந்தைக்கு ஒரு கதை சொல்வோமாக. கல்லூரிக் கல்வியெனும் மாடம் அவ்வடித்தளத்தின்மீதே நிற்கும்.