ழகரத்தை விழுங்கிய பெட்டி

எங்கள் கல்லூரியில் நடந்த கவியரங்கம் ஒன்றில் பன்னிரண்டாம் வரிசையில் அமர்ந்திருந்தேன். மேடையில் ஓர் இளங்கவிஞர் மூங்கிலைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தார். மூங்கிலைப் பற்றித்தான் என்பது மறுநாள் அவருடைய கைப்படியைப் பார்த்த பிறகே எனக்குத் தெரிந்தது. அரங்கில் என் காதை எட்டியது கழையா, களையா, கலையா என்று இறுதிவரை தீர்மானிக்க இயலவில்லை. பகரத்தில் தொடங்கிய ஒவ்வொரு சொல்லும் மேடைக்கு அடியில் வெடியாக வெடித்தது. பறவை என்றால் ஓர் இடி. பனி என்றால் இன்னோர் இடி. அருகிலிருந்த மாணவர்கள் அவ்வப்போது கைதட்டினார்கள். எந்த வரிக்குத் தட்டினாய் என்று ஒருவனைக் கேட்டேன். "சவுண்ட் செமையா இருக்கு ஐயா" என்றான். நிகழ்ச்சியின் முடிவில் முதல்வர் எழுந்து, நம் அரங்கம் திரையரங்குக்கு நிகராகிவிட்டது என்று பெருமிதத்துடன் அறிவித்தார்.

அந்தப் பெருமிதத்துக்கு எதிராகவே இதை எழுதுகிறேன்.

என் குறையைத் துறையில் சொன்னபோது கிடைத்த முதல் பதில், "அது மைக் செட்காரர் வேலை, நமக்கெதற்கு?" என்பது. நண்பர்கள் மன்னிக்க வேண்டும். இலக்கியம் பயின்றவர்கள் சொல்லக்கூடிய பதில்களில் இதைவிடப் பொறுப்பற்ற ஒன்று இருக்க முடியாது. மன்ற மலரில் ஓர் ஒற்று மிகாமல் போனால் அச்சகத்தாரை அழைத்து மறுபடியும் அடிக்கச் சொல்கிறோம். லகர ளகர ழகர மயக்கத்துக்காக மாணவனின் மதிப்பெண்ணைக் குறைக்கிறோம். அதே மயக்கத்தை ஒரு கறுப்புப் பெட்டி முந்நூறு பேர் முன்னிலையில் செய்யும்போது மட்டும் அது மின்பணியாளரின் துறை ஆகிவிடுகிறது.

நடந்தது என்ன என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எங்கள் அரங்கின் பக்கச் சுவர்களில் நெடுங்காலமாக நிற்பவை காலம் ஸ்பீக்கர்கள். ஒன்றன்மேல் ஒன்றாகச் சிறு ஒலிபெருக்கிகளை அடுக்கிய ஒடுங்கிய நெடும்பெட்டிகள். செங்குத்தாக அடுக்கப்பட்டிருப்பதால் அவற்றின் ஒலி மேலும் கீழும் சிதறாமல், அமர்ந்திருப்பவர்களின் காதை நோக்கிக் கிடையாகப் பரவும். பேச்சுக்கென்றே உருவான பெட்டிகள் அவை. (அழகாயிருக்கும் என்று இவற்றைப் படுக்கைவாக்கில் மாட்டும் மண்டபங்களைப் பார்த்திருக்கிறேன், அது தனிக் கொடுமை.) இவை பாஸிவ் ஸ்பீக்கர்கள். தம்முள் மின்பெருக்கி இல்லாதவை. வெளியே இருக்கும் ஆம்ப்ளிஃபையர் தரும் மின்சாரத்தால் மட்டுமே ஒலிப்பவை. இந்த ஆண்டு முன்னாள் மாணவர்கள் அன்பளிப்பாகத் தந்த சப்வூஃபர் அப்படிப்பட்டதன்று. அது பவர்டு வகை. ஆம்ப்ளிஃபையர் அதன் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. தனியாக மின்செருகி உண்டு. வெளியிலிருந்து அதற்கு வேண்டியதெல்லாம் ஏறத்தாழ ஒரு வோல்ட் அளவிலான மெல்லிய சைகைதான்.

இந்த ஒரு வேறுபாட்டை அறியாமல்தான் முதல் நாளே புகை வந்தது. பொருத்த வந்தவர், ஆம்ப்ளிஃபையரின் பின்புறம் காலம் ஸ்பீக்கர்களுக்குக் கம்பி செல்லும் முனையிலிருந்தே சப்வூஃபருக்கும் ஒரு கம்பியை இழுத்துவிட்டார். அது 100 வோல்ட் முனை. பெரிய அரங்குகளில் கம்பி நெடுந்தொலைவு ஓடவேண்டியிருப்பதால் மின்னழுத்தத்தை உயர்த்தி அனுப்பி, ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு மின்மாற்றியால் இறக்கிக்கொள்வது வழக்கம். வீட்டு ஆம்ப்ளிஃபையர் 100 வாட்டை 8 ஓம் ஸ்பீக்கருக்குத் தரும்போதுகூட அங்கே இருப்பது 28 வோல்ட்தான். ஒரு வோல்ட்டை எதிர்பார்த்து வாய் திறந்திருந்த பெட்டிக்கு நூறு வோல்ட்டை ஊட்டினால் என்ன ஆகும்? ஆயிற்று. பெட்டி பழுதுபார்க்கப்பட்டுத் திரும்பி வந்தது. புகையை நான் மன்னித்துவிட்டேன். புகை கண்ணுக்குத் தெரிகிற பிழை, உடனே நிறுத்திவிடுவார்கள். இரண்டாம் முறை நடந்த பிழையில் புகை வரவில்லை. அதனால் அது பிழை என்றே எவருக்கும் தோன்றவில்லை.

இம்முறை மிக்ஸரிலிருந்து முறையாக ஒரு கம்பி எடுக்கப்பட்டது. ஆனால் எல்லா ஒலியும் கலந்து வெளிவரும் முதன்மை வாயிலிலிருந்து எடுக்கப்பட்டது. ஆக, பாட்டு மட்டுமன்றி மைக்கில் விழும் எல்லாமே சப்வூஃபருக்குள்ளும் போயின. பேசுபவரின் மூச்சு, மேசையில் கை தட்டியது, மின்விசிறிக் காற்று, மைக் தண்டைத் தொட்ட அதிர்வு, எல்லாம். போதாக்குறைக்கு அந்தப் பெட்டியை மரமேடைக்கு அடியிலேயே தள்ளிவைத்தார்கள். மேடைப் பலகை முரசின் தோலாயிற்று. அந்த அதிர்வு மைக் தண்டின் வழியே மறுபடியும் மைக்குக்கு ஏறி, மறுபடியும் பெட்டிக்குள் இறங்கியது.

மனிதப் பேச்சில் சப்வூஃபருக்கு உரிய பகுதி என்று ஏதேனும் உண்டா? ஆண்குரலின் அடிச்சுரம் பொதுவாக 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை. பெண்குரலுக்கு 165 முதல் 255 வரை. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேச்சாளரின் சொல் எதுவும் இல்லை. அங்கே இருப்பவை நான் மேலே சொன்ன மூச்சும் தட்டலும்தான். பகரம் வெடித்ததன் காரணமும் இதுவே: இதழ் திறக்கும் கணத்தில் மைக்கை மோதும் காற்று, மிகத் தாழ்ந்த ஓர் உதையாகப் பதிவாகிறது. சிறிய பெட்டி அதை ஒலிக்க வலுவின்றி விட்டுவிடும். சப்வூஃபர் விசுவாசமாக ஒலித்துவிடும்.

"பாஸ் இருந்தால் குரலுக்கு ஒரு கம்பீரம் வருமே" என்றார் இயற்பியல் துறை நண்பர் ஒருவர். அவரே இப்படிச் சொன்னதில்தான் எனக்கு வியப்பு. நாம் கம்பீரம் என்று சொல்லும் அந்த நெஞ்சொலி ஏறத்தாழ 100 முதல் 250 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி. அதைச் சுவரில் நிற்கும் பழைய பெட்டிகளே தருகின்றன. எங்கள் சப்வூஃபரில் எந்த அதிர்வெண் வரை அது ஒலிக்கலாம் என்று வரையறுக்கும் குமிழ் 150இல் நின்றது. அதாவது ஆண்குரலின் அடிப்பகுதியை இரண்டு இடங்களிலிருந்து இரண்டு மடங்காக முழக்கிக்கொண்டிருந்தார்கள். கம்பீரம் அன்று, வீக்கம்.

இந்த வீக்கத்துக்கு முதலில் பலியாவது மெய்யெழுத்து. தாழ்ந்த ஒலி உரக்க எழும்போது தனக்கு மேலுள்ள ஒலிகளை மறைக்கும். உயர்ந்த ஒலி தாழ்ந்ததை அந்த அளவுக்கு மறைக்காது. வெகல், லேன் என்னும் இருவர் 1924இலேயே இதை அளந்து காட்டியிருக்கிறார்கள். எதிரொலி மிகுந்த அரங்கில் இது மேலும் கெடும். முந்தைய அசையின் முழக்கம் ஓயும் முன் அடுத்த அசை வந்துவிடுகிறது. ல, ள, ழ மூன்றுக்கும் அடிப்பகுதி ஏறக்குறைய ஒன்றே. அவற்றைப் பிரித்துக்காட்டும் அடையாளங்கள் பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்கு மேலே, நா வளைவதும் விளிம்பு ஒட்டுவதும் ஏற்படுத்தும் நுண்ணிய வேறுபாடுகளாக இருக்கின்றன. தொல்காப்பியப் பிறப்பியல் இதைத்தானே அளந்தது? நுனிநா மேலெழுந்து அண்ணத்தை வருடப் பிறப்பவை ரகரமும் ழகரமும் என்றும், நாவிளிம்பு தடித்து ஒற்ற லகரமும் வருட ளகரமும் என்றும் பிரித்து வைத்த இலக்கண மரபு நம்முடையது. ஒற்றலுக்கும் வருடலுக்கும் இடையிலுள்ள அந்த மயிரிழையைத்தான் மேடைக்கு அடியிலிருந்து உதைத்துக் கலைக்கிறோம்.

இனி மறுதரப்புக்கு வருகிறேன். "அந்தச் சனியனைத் தூக்கி எறியுங்கள், கச்சேரிக்கும் கவியரங்குக்கும் அது எதற்கு?" என்கிற தூய்மைவாதிகள் என் பக்கம் நிற்பதாக நினைத்துக்கொண்டு வந்தார்கள். அவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. மிருதங்கத்தின் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புவது எதற்காக? வலந்தலையின் சுருதிக்கு ஒரு ஸ்தாயி கீழே அதை இறக்குவதற்காக. ஒரு கட்டையில் பாடும் ஆண் பாடகருக்கு மந்தர ஸட்ஜம் 65 ஹெர்ட்ஸ் அளவில் வரும். நான்கைந்து அங்குலக் கூம்புகள் அடுக்கிய பெட்டியில் அந்தச் சுரம் பெயரளவுக்கே கேட்கும். கும்கி என்று நாம் கேட்பது அதன் நிழல். நம் தோற்கருவிகளின் ஒலியை ஆராய்வது சி.வி. இராமனுக்கு இழுக்காகத் தோன்றவில்லை. 1920இலும் 1934இலும் அவற்றைப் பற்றிக் கட்டுரை எழுதினார். ஆகவே தாழ்ந்த ஒலி கொச்சையானது என்பது நம் இசை மரபு அறியாத ஓர் ஆசாரம். மிருதங்கத்துக்கும், இளையராஜா பாட்டின் பேஸ் கித்தாருக்கும் அந்தப் பெட்டி வேண்டும். கவிஞரின் குரலுக்கு வேண்டாம். இரண்டையும் ஒரே அரங்கில், ஒரே மாலையில் செய்ய முடியும். அதற்குப் பணம்கூடத் தேவையில்லை.

எங்கள் மிக்ஸரில் ஒவ்வொரு மைக் வரிசையிலும் 'லோ கட்' என்றொரு சிறு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளது வெட்டப்படும். வாங்கிய நாள் முதல் அதை எவரும் அழுத்தியதில்லை. அதே வரிசையில் 'ஆக்ஸ்' என்றொரு குமிழும் உண்டு. சப்வூஃபருக்கான கம்பியை முதன்மை வாயிலிலிருந்து பிடுங்கி இந்த ஆக்ஸ் வாயிலில் செருகிவிட்டால், எது அந்தப் பெட்டிக்குப் போகலாம் என்பதை நாமே தீர்மானிக்கலாம்: பேசும் மைக்குகளுக்குக் குமிழைச் சுழியத்தில் வைத்து, மிருதங்க மைக்குக்கும் பாட்டுக் கருவிக்கும் மட்டும் திறந்துவிடுவது. பழைய பெட்டிகள் தம் ஆம்ப்ளிஃபையரோடு முன்போலவே இருக்கும்; அவற்றில் கை வைக்கவே வேண்டாம். சப்வூஃபரின் குமிழை 80க்கு இறக்கி, பெட்டியை மேடைக்கு அடியிலிருந்து தரைக்குக் கொண்டுவர வேண்டும். பின்புறத்தில் 0, 180 என்று ஒரு விசை இருக்கும். இரண்டு வகைப் பெட்டிகளும் சேர்ந்து தள்ளுகின்றனவா, ஒன்று தள்ள மற்றொன்று இழுக்கிறதா என்பது அதில் இருக்கிறது. பாட்டைப் போட்டு, ஒருவர் நடு அரங்கில் நின்று, எந்த நிலையில் அடியொலி நிறைவாக வருகிறதோ அதில் விட்டுவிடுவது. இவ்வளவுதான் மொத்த வித்தை.

வீட்டில் பழைய ஆம்ப்ளிஃபையரும் இரண்டு பாஸிவ் ஸ்பீக்கரும் வைத்திருப்பவர்களுக்கு வழி வேறு. பல சப்வூஃபர்களில் ஸ்பீக்கர் கம்பியையே ஏற்கும் முனைகள் தனியாக உண்டு. ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் முனைகளிலிருந்தே இன்னொரு சோடிக் கம்பி எடுத்து அதில் தரலாம். அந்த முனைகள் மிகச் சொற்ப மின்னோட்டத்தையே எடுக்கும் என்பதால் ஆம்ப்ளிஃபையருக்குச் சுமை இல்லை. முனை இல்லாத பெட்டியில் இதை முயல வேண்டாம்.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. சப்வூஃபரை இணைத்தவுடன் 'உம்ம்' என்று ஓர் இரைச்சல் வந்தால், அது நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். மிக்ஸர் ஒரு சுவரிலும் பெட்டி வேறொரு சுவரிலும் செருகப்பட்டு, நிலத்தொடர்பு இரண்டு வழியாக ஓடுவதால் வருவது. அதைப் போக்க மூன்றுமுள் பிளக்கின் நிலமுள்ளை வெட்டிவிடும் கைவைத்தியம் பரவலாக இருக்கிறது. அது மைக்கைப் பிடிப்பவரின் உயிரோடு விளையாடுவது. இரண்டையும் ஒரே பலகையில் செருகுவதே முதலில் செய்ய வேண்டியது.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை ஆண்டுதோறும் நடத்துகிறேன். அகலம் ஏழு கோல், நீளம் எட்டு கோல், உயரம் ஒரு கோல் என்று மேடையை அளந்தபின், தூணின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு வைக்கப்பட்டதையும் இளங்கோ சொல்கிறார். மாணவர்கள் குறித்துக்கொள்கிறார்கள், தேர்வில் எழுதுகிறார்கள். அந்த வகுப்பை முடித்துவிட்டு நாங்கள் போய் அமரும் அரங்கில் விளக்கை வைப்பவர் யார் என்று கேட்டால், மைக் செட்காரர் என்கிறோம்.

அடுத்த கூட்டத்துக்கு முன் அனுமதி கேட்டு, அரை மணி நேரம் செலவிட்டு, மேலே சொன்னவற்றைச் செய்தோம். உதவியவர் அந்த மைக் செட்காரரேதான். இதையெல்லாம் யாரும் தன்னிடம் கேட்டதே இல்லை என்றார். அதில் வருத்தம் இருந்தது. கடைசி வரிசையில் அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கூட்டம் முடிந்ததும் வந்து, பேச்சாளர் 'விளைவு' என்பதை 'விழைவு' என்று உச்சரித்ததாகக் குறைசொன்னார். எனக்குப் பெருமகிழ்ச்சி. முதல்வரோ முன்பு போல எடுப்பாக இல்லையே என்றார்.

ஆண்டு விழாவுக்கு மறுபடியும் எல்லாம் பழையபடி மாற்றப்பட்டிருந்தது. கம்பி முதன்மை வாயிலில்; குமிழ் 150இல்; பொத்தான்கள் எழும்பி நின்றன. வரவேற்புரை தொடங்குவதற்குச் சில நிமிடங்களே இருந்தன. வேட்டியை மடித்துக்கொண்டு மிக்ஸர் மேசைக்குப் போனேன்.