பெயர் பொய் சொன்னால் ஃபங்ஷன் எதற்கு?

எந்தப் புரோகிராமிங் லாங்குவேஜிலும் சில வேலைகளுக்கு ரெடிமேட் கட்டளைகள் சேர்ந்தே வரும். இவற்றை ஃபங்ஷன்கள் என்பார்கள். பெயரை எழுதினால் போதும், வேலை நடக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று பெரும்பாலோர் பார்ப்பதில்லை, பெயரைத்தான் நம்புகிறோம். அந்தப் பெயரே ஏமாற்றினால்?

வெப்சைட் உருவாக்கப் பயன்படும் பிஎச்பி லாங்குவேஜில் இப்படி இரண்டு உண்டு: யூடிஎஃப்8_என்கோட், யூடிஎஃப்8_டிகோட். யூடிஎஃப்-8 என்பது தமிழ் உட்பட உலக மொழிகளின் யூனிகோட் எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் சேமிக்கும் முறை. எனவே முதல் ஃபங்ஷன் எந்த எழுத்தையும் யூடிஎஃப்-8க்கு மாற்றும் என்றுதான் நினைப்போம். இல்லை! லத்தீன்-1 என்ற மேற்கு ஐரோப்பிய எழுத்து முறையிலிருந்து மட்டுமே மாற்றும். இரண்டாவது, அதே லத்தீன்-1க்குத் திருப்பும். அதில் தமிழுக்கு இடமே கிடையாது.

விளைவைப் பாருங்கள். குன்னூரில் டீத்தூள் விற்பவர் தமிழில் வெப்சைட் வைத்திருப்பதாகக் கொள்வோம். வாடிக்கையாளர் முகவரியில் 'ஊட்டி' என்று டைப் செய்கிறார். புரோகிராமில் டிகோட் இருந்தால் டேட்டாபேசில் பதிவாவது ஐந்து கேள்விக்குறிகள்! ஊ, ட, புள்ளி, ட, இகரக் குறி என யூனிகோடில் இச்சொல்லுக்கு ஐந்து குறியீடுகள், ஒவ்வொன்றும் '?' ஆகிவிடும். அந்தக் கேள்விக்குறிகளிலிருந்து ஊர்ப் பெயரை எந்த சாஃப்ட்வேராலும் மீட்க முடியாது. பார்சல் எங்கே போகும்? என்கோட் செய்யும் குளறுபடி வேறு. ஏற்கெனவே யூடிஎஃப்-8ல் உள்ள இதே சொல்லின் 15 பைட்டுகளை 30 ஆக்கி, திரையில் புரியாத எழுத்துகளைக் கொட்டும். டிஸ்கி முறையில் உள்ள பழைய தமிழ்ப் பக்கங்களை இதனால் யூனிகோடாக்க முயன்றாலும் குப்பைதான் மிஞ்சும்.

2022 டிசம்பரில் வெளிவந்த பிஎச்பி 8.2ல் இவ்விரண்டும் ஓய்வுப் பட்டியலில் சேர்ந்தன. அந்தப் பதிப்பில் வேலை செய்யும். ஆனால் எச்சரிக்கை தரும். 9ஆம் பதிப்பில் நீக்குவது என்று வாக்கெடுப்பில் முடிவாகியுள்ளது.

"ஓடுகிற புரோகிராமை ஏன் தொட வேண்டும்? மேனுவலில் விளக்கினால் போதாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. உதகமண்டலம், உதகை, ஊட்டி என மூன்று பெயர்கள், ஊர் ஒன்றுதான். எந்த போர்டைப் பார்த்து பஸ் ஏறினாலும் சரியாகப் போய்ச் சேர்வோம். இத்தகைய பெயர்களால் கெடுதல் இல்லை. ஆனால் மேட்டுப்பாளையத்தில் 'குன்னூர்' போர்டு மாட்டிய பஸ் கோத்தகிரிக்குப் போனால்? "உள்ளே நோட்டீஸ் ஒட்டியிருக்கிறோமே" என்று கண்டக்டர் சொன்னால் ஒப்புக்கொள்வோமா? போர்டைக் கழற்றத்தான் வேண்டும்!

இவற்றைச் சரியாகப் பயன்படுத்தியவர்களுக்கும் வேலை கூடும் என்பது உண்மை. அதற்குத்தான் சில ஆண்டுகள் அவகாசம். மாற்றாக எம்பி_கன்வர்ட்_என்கோடிங் இருக்கிறது. எதிலிருந்து எதற்கு என்று இரண்டையும் அதில் குறிப்பிடலாம், குழப்பமில்லை. டிஸ்கிக்கு மட்டும் தனி கன்வர்ட்டர் தேவை.

உங்களுக்கு வெப்சைட் இருந்தால், அதை அமைத்துத் தந்தவரிடம் இந்த இரு ஃபங்ஷன்களும் உள்ளனவா என்று கேளுங்கள். எச்சரிக்கையைத் திரையில் தெரியாமல் மறைத்துவிட்டு "சரியாகிவிட்டது" என்றால் ஏற்காதீர்கள். மாற்றும் முன் டேட்டாபேசை பேக்கப் எடுக்கச் சொல்லுங்கள். புரோகிராமை மறுபடி எழுதலாம். கேள்விக்குறியாகிப்போன முகவரியை யாரிடம் போய்க் கேட்பது?