விற்ற பணம் யாருடையது?

ஒரு பெரிய ஸ்தாபனத்தின் சம்பளத்தை நம்பாமலும், முதலீட்டாளரின் தயவை நாடாமலும், தம் வீட்டு மேஜையில் அமர்ந்தே ஒரு மென்பொருளை எழுதி முடித்து, அதை உலகத்தின் எந்த மூலையில் இருப்பவருக்கும் விற்று ஒருவர் கண்ணியமாகப் பிழைக்கலாம் என்ற நிலை நம் காலத்தில் ஏற்பட்டிருப்பது சாதாரண விஷயம் அன்று. எழுதுகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவே நின்று, பணத்தை வசூலித்து, வரியைக் கட்டி, தம் கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியை அனுப்பிவைக்கும் இணைய விற்பனை ஸ்தாபனங்களுக்கு அந்த நிலையை உண்டாக்கியதில் பெரும் பங்கு உண்டு. அவற்றைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், ஆப்பிள் நூற்றுக்கு முப்பது எடுக்கிறதே, கம்ரோட் பத்து எடுக்கிறதே என்று கமிஷன் விகிதம் ஒன்றே விவாதப் பொருளாகிவிடுகிறது. விகிதம் முக்கியந்தான். ஆனால், விற்ற நாளுக்கும் எழுதியவர் கைக்குப் பணம் வந்து சேரும் நாளுக்கும் இடையில் அந்தப் பணம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அதைவிடக் கனமானது என்பதும், அதை எவரும் போதிய அளவு கேட்கவில்லை என்பதும் என் அபிப்பிராயம்.

இந்த வியாபாரத்துக்கு ஒரு முன்கதை உண்டு. ஐ.பி.எம். கம்பெனியின் தனிக் கணினி சந்தைக்கு வந்து ஓராண்டே ஆகியிருந்த 1982-இல், கலிபோர்னியாவில் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன் என்பவர் பிசி-டாக் என்ற நிரலையும், சியாட்டில் பக்கத்தில் ஜிம் நாஃப் என்பவர் பிசி-ஃபைல் என்ற நிரலையும், யார் வேண்டுமானாலும் படியெடுத்துக்கொள்ளலாம், பிடித்திருந்தால் ஒரு சிறு தொகையைத் தபாலில் அனுப்புங்கள் என்ற வேண்டுகோளுடன் உலவவிட்டார்கள். மைக்ரோசாஃப்டின் ஆரம்பகால ஊழியர்களுள் ஒருவராக இருந்து விலகிய பாப் வாலஸ், அடுத்த ஆண்டில் பிசி-ரைட் என்ற தம் எழுத்து நிரலை இன்னும் சாமர்த்தியமாக விற்றார். 75 டாலர் செலுத்திப் பதிவு செய்துகொண்டவர் தம் படியை இன்னொருவருக்குக் கொடுத்து, அவரும் பதிவு செய்தால், கொடுத்தவருக்கு 25 டாலர் கமிஷன் என்பது அவர் வகுத்த ஏற்பாடு. வாங்கினவரையே தரகராக்கிவிட்ட அந்த யுக்தியை இன்றைக்கும் பலர் புதிதாகக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். அந்தக் காலத்தில் காசோலை தபாலில் வந்தது; உறையைப் பிரித்தவர் நிரலை எழுதியவரே. நடுவில் ஒருவர் இல்லாததால், நடுவில் பணம் தங்கவும் வழியில்லை.

ஆனால் அந்த எளிமை உள்ளூர் அளவில்தான் செல்லுபடியாயிற்று. ஜெர்மனியிலோ ஜப்பானிலோ இருப்பவர் பத்து டாலருக்கு ஓர் அமெரிக்கக் காசோலை எடுத்து அனுப்புவதென்றால், பொருளின் விலையைவிட வங்கியின் கட்டணம் அதிகமாகிவிடும். கிரெடிட் கார்டிலே வாங்கிக்கொள்ளலாம் என்றாலோ, வீட்டிலிருந்து நிரல் எழுதும் ஒரு தனி மனிதரை நம்பி அந்த வசதியைக் கொடுக்க வங்கிகள் லேசில் சம்மதிக்கவில்லை. இந்தக் குறையைத் தீர்க்கத்தான் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் 1994-இல் காகி என்ற ஸ்தாபனமும், அதே ஆண்டில் மினசோட்டாவில் டிஜிட்டல் ரிவர் என்ற ஸ்தாபனமும் பிறந்தன. சின்னஞ்சிறு எழுத்தாளர்கள் அவற்றின் பெயரில் கார்டு வசூலைப் பெற்றுக்கொண்டு, நிரல் எழுதும் வேலையைப் பார்க்கலானார்கள்.

பின்னர் வரிகள் வந்தன. 2015 ஜனவரி முதல் தேதியிலிருந்து, ஐரோப்பிய ஒன்றியத்தில் மின்வழியாக விற்கப்படும் பொருளுக்கு, விற்பவர் இருக்கும் நாட்டின் வரியன்று, வாங்குபவர் இருக்கும் நாட்டின் மதிப்புக் கூட்டு வரியே கட்டவேண்டும் என்று விதி மாறிற்று. அந்த வரி லக்சம்பர்க்கில் 17 சதவிகிதம், ஹங்கேரியில் 27 சதவிகிதம். 2018 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தெற்கு டகோட்டா மாநிலத்துக்கும் வேஃபேர் கம்பெனிக்கும் நடந்த வழக்கில், ஒரு மாநிலத்தில் கடையோ கிடங்கோ இல்லாத வியாபாரியிடமும் அந்த மாநிலம் விற்பனை வரி வசூலிக்கச் சொல்லலாம் என்று தீர்ப்பளித்தது. இந்தியாவும் வெளிநாட்டிலிருந்து இங்குள்ளோருக்கு மின்வழியே விற்கப்படும் சேவைக்கு 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி. கேட்கிறது. மாதத்தில் நூறு படிகள் விற்கும் ஒரு மனிதர் இத்தனை தேசங்களின் வரிச் சட்டங்களையும் படித்துக் கணக்கு எழுத உட்கார்ந்தால், நூற்றியோராவது படிக்கு வேண்டிய திருத்தத்தை எழுத அவருக்கு எங்கே அவகாசம்?

அந்தச் சுமையை ஏற்றுக்கொள்ளத்தான் லண்டனில் பேடில், கலிபோர்னியாவில் ஃபாஸ்ட்ஸ்பிரிங், பின்னால் வந்து 2024-இல் ஸ்ட்ரைப் வாங்கிக்கொண்ட லெமன் ஸ்க்வீஸி முதலானவை இருக்கின்றன. சட்டத்தின் கண்ணில் விற்பவர் தாங்களே என்று இவை ஒப்புக்கொள்கின்றன. வாங்கினவருக்குப் போகும் ரசீதில் இவற்றின் பெயர்தான் இருக்கும். வரி செலுத்த வேண்டியதும் இவைதான். இதற்காகப் பேடில் அறிவித்திருக்கும் பொது விகிதம் விற்பனை ஒவ்வொன்றுக்கும் 5 சதவிகிதமும் 50 சென்டும். நூறு டாலர் பொருளுக்கு அது ஐந்தரை டாலர். பத்து டாலர் பொருளுக்குக் கணக்கிட்டால் ஒரு டாலர், அதாவது பத்தில் ஒரு பங்கு. மலிவான பொருளை விற்பவருக்கு இது வலிக்கத்தான் செய்யும். ஆயினும் செய்கிற காரியத்தை எண்ணிப் பார்க்கையில் இதை அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. நம் ஊர்க் கமிஷன் மண்டியில் விவசாயி இறக்கிவைக்கும் வெங்காய மூட்டை விலைபோகும் வரையில் விவசாயியுடையது. மண்டிக்காரர் விற்றுக்கொடுக்கிறவர் மட்டுமே. மேற்சொன்ன ஸ்தாபனங்களோ மூட்டையைத் தாமே வாங்கித் தம் சரக்காக விற்கின்றன. ஆனால் வாங்கியதற்குரிய விலையை அந்தக் கணத்திலே கொடுப்பதில்லை, மாதம் முடிந்து, சில சமயம் அதற்கும் பின்னால் கொடுக்கின்றன. எனவே நிரலை எழுதியவர் விற்பனையாளர் என்ற ஸ்தானத்தை இழந்து, ஜாமீனோ ஈடோ இல்லாமல் கடன் கொடுத்தவர் என்ற ஸ்தானத்துக்கு வந்துவிடுகிறார். எந்த ஏற்பாடு அவரை வரியிலிருந்து விடுவிக்கிறதோ, அதே ஏற்பாடுதான் அவருடைய பணத்தைப் பிறருடைய பணமாகவும் ஆக்கிவைக்கிறது.

இது வெறும் தர்க்கமாக நின்றுவிட்டதா என்றால், இல்லை. 2016 ஜூலை 31-ஆம் தேதி காகி கதவைச் சாத்தியது. பல ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு சப்ளையர் செய்த மோசடியால் நேர்ந்த நஷ்டத்திலிருந்து மீளப் போராடியும் முடியவில்லை என்று அது காரணம் சொல்லிற்று. நிரல் எழுதியவர்கள் அந்த மோசடியில் எந்த சம்பந்தமும் இல்லாதவர்கள். இருந்தும் அவர்களுடைய மென்பொருளை விற்று வந்த தொகையும் அந்தப் பள்ளத்தில் போயிற்று. டிஜிட்டல் ரிவரின் கதை இன்னும் விஸ்தாரமானது. ஷேர்இட், ரெக்நவ், ஈசெல்லரேட் என்று சிறு எழுத்தாளர்கள் நம்பியிருந்த விற்பனை ஸ்தாபனங்களை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கித் தன்னுள் சேர்த்துக்கொண்டு பெருத்துப் போன அந்த ஸ்தாபனம், 2024-இல் எழுத்தாளர்களுக்குச் சேரவேண்டிய பட்டுவாடாவைத் தாமதப்படுத்தத் தொடங்கி, 2025-இன் தொடக்கத்தில் வேலையாட்களை அனுப்பிவிட்டு, ஜெர்மன் கிளைக்குத் திவால் மனுவும் கொடுத்தது. போட்டி ஸ்தாபனங்கள் பல இருந்த காலத்தில் ஒன்று விழுந்தால் அதை நம்பியவர்கள் மட்டும் விழுந்திருப்பார்கள். அவற்றுள் பலவற்றை ஒருவரே வாங்கிக்கொண்டபின், அவற்றை நம்பிய எல்லோரும் சேர்ந்து விழவேண்டியதாயிற்று.

ஆப்பிள், கூகுள் போன்றவற்றின் கடைகளில் இந்த பயம் இல்லை. அவை திவாலாகப் போவதில்லை. ஒரு மாதத்துக் கணக்கு முடிந்து 45 நாட்களுக்குள் ஆப்பிள் பணம் கொடுத்துவிடுகிறது. ஆண்டு வருமானம் பத்து லட்சம் டாலருக்குள் இருப்பவர்களிடம் 2021 முதல் 15 சதவிகிதமே எடுக்கிறது. அங்கே உள்ள பயம் வெளியேற்றப்படுவது. 2024 மார்ச்சில் கட்டணத் தகராறில், சென்னையைச் சேர்ந்த பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட இந்தியச் செயலிகள் சிலவற்றைக் கூகுள் தன் கடையிலிருந்து அகற்றியபோது மத்திய அரசு தலையிட்டது. சில நாட்களிலே அவை திரும்பி வந்தன. தனியாளாகச் செயலி எழுதும் ஒருவருக்காக எந்த மந்திரி தொலைபேசியை எடுப்பார்?

இதற்குப் பரிகாரம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதன்று. 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி வகுத்த நெறிமுறைப்படி, வியாபாரிகளுக்காகக் கட்டணம் வசூலிக்கும் ஸ்தாபனம் அந்தப் பணத்தைத் தன் சொந்தப் பணத்துடன் கலக்காமல், ஒரு ஷெட்யூல்டு வங்கியில் எஸ்க்ரோ கணக்கில் தனியே வைக்கவேண்டும். தானே விற்பவர் என்று சொல்லிக்கொள்ளும் வெளிநாட்டு ஸ்தாபனத்தை இந்த விதி எட்டுவதில்லை. ஆனால் அதன் தத்துவத்தை அவர்கள் தேசங்களின் சட்டம் ஏற்றுக்கொள்வதற்கு என்ன தடை? வாங்கியவர் பொருளைத் திருப்பிவிடலாம், கார்டு கம்பெனியிடம் புகார் செய்து பணத்தை மீட்டுக்கொள்ளலாம், அதற்காகச் சிறிது காலம் தொகையை நிறுத்திவைத்தே ஆகவேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள். நியாயமான பேச்சு, நிறுத்திவைக்கட்டும். நிறுத்திவைத்ததைத் தனிக் கணக்கில் வைத்து, அதிலிருந்து தங்கள் ஊழியர் சம்பளத்தையும் வாடகையையும் கொடுக்காதிருக்கட்டும் என்பதுதான் கோரிக்கை.

சட்டம் வரும் வரையில் எழுத்தாளர் செய்துகொள்ளக்கூடியவை சில உண்டு. அனுப்புகிற செலவு மிச்சமாகும் என்று எண்ணி பாக்கியைப் பல மாதம் சேரவிடாமல், கிடைக்கும்போதெல்லாம் வாங்கிவிடுவது ஒன்று. உரிமச் சாவி வழங்கும் ஏற்பாட்டையும், ஒப்பந்தம் இடம் கொடுக்கும் அளவுக்கு வாங்கினவர்களின் முகவரிகளையும் தம்மிடமே வைத்துக்கொள்வது மற்றொன்று. அப்படிச் செய்தவர் தரகர் கவிழ்ந்தாலும் வேறொருவரிடம் போய் மறுநாளே விற்கலாம், செய்யாதவர் தம் வாடிக்கையாளர் யாரென்றே அறியாமல் நிற்பார்.

ஆனால் ஒப்பந்தத்தில் தனிக் கணக்கு என்ற ஷரத்தைச் சேர்க்கச் சொல்லி வாதாட ஒருவரால் ஆகாது. அதற்குக் கூட்டம் வேண்டும். அப்படி ஒரு கூட்டம் இருக்கத்தான் செய்தது. 1987-இல் அமெரிக்காவில் படியெடுத்துப் பார்த்துப் பிடித்திருந்தால் பணம் அனுப்பும் ஷேர்வேர் முறையில் விற்ற எழுத்தாளர்கள் கூடித் தொடங்கிய சங்கம், பெயரை இடையில் சிறிது மாற்றிக்கொண்டு, முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. உறுப்பினர் குறைந்து, கடைகளும் மேடைகளும் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கின்றனவே என்ற எண்ணம் பரவிவிட்ட நிலையில், 2021-இல் அதைக் கலைத்தார்கள். டிஜிட்டல் ரிவர் பட்டுவாடாவை நிறுத்தத் தொடங்கியது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. அப்போது பாக்கி வரவேண்டியவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.