காலாவதியான அபாயச் சுடர்கள்

நடுக்கடலில் எஞ்சின் நின்றுபோன படகுக்கு, கைப்பிடி அளவுள்ள ஒரு செந்நிறச் சுடர் உயிர் காக்கும். அதே சுடர் காலாவதியாகிவிட்டால் வைத்திருக்கவும் பயம், வீசவும் பயம். அமெரிக்க விதிப்படி, தயாரித்த நாளிலிருந்து 42 மாதங்களில் அதன் ஆயுள் முடிகிறது. படகுக்காரர் புதிதாக வாங்கியே தீர வேண்டும். பழையதை யாரிடம் கொடுப்பது?

குப்பைத் தொட்டியில் போட்டால், லாரியில் நசுங்கும்போது தீப்பிடிக்கலாம். கடலில் எறிந்தால், பல சுடர்களில் உள்ள பெர்குளோரேட் தண்ணீரில் எளிதாகக் கரையும். குடிநீரில் கலந்தால் தைராய்டு சுரப்பி அயோடினை ஏற்பதைத் தடுக்கும் உப்பு அது. கரையில் நின்று கொளுத்தித் தீர்க்கலாம் என்பது அதைவிட மோசமான யோசனை. அந்த வெளிச்சத்தைப் பார்த்து மீட்புக் குழு கிளம்பும். உண்மையில் தத்தளிப்பவருக்கு உதவி தாமதமாகும். பொய்யான அபாயக் குறி அமெரிக்காவில் குற்றமும்கூட.

வெடிபொருள் என்பதால் வீட்டு அபாயக் கழிவு மையங்கள் பலவும் இவற்றை வாங்குவதில்லை. பழைய சுடர்களோடு திண்டாடும் சாதாரணப் படகுக்காரரைக் குறை சொல்வது நியாயமில்லை. சேகரித்து அழிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீது வைக்கும் சட்டத்தை 2025-இல் கலிஃபோர்னியா இயற்றியது. விற்றவரே திரும்பப் பெறட்டும் என்பதுதான் சரியான வழி. கடலோர மாநிலங்கள் எல்லாம் இதைப் பின்பற்ற வேண்டும்.

அதுவரை, படகுக்காரர்களே, பழைய சுடர்களை ஈரமும் வெப்பமும் படாமல், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். உள்ளூர்த் தீயணைப்புத் துறையைக் கேட்காமல் எங்கும் வீசாதீர்கள்.