பள்ளிக்குப் போகும் வழியும் உரிமைதான்

பழவேற்காடு ஏரியோரக் குப்பங்களில் நடக்க இயலாத பிள்ளைக்குப் பள்ளியில் சாய்தளம் கட்டினால் மட்டும் போதுமா? மணலையும் சேற்றையும் தாண்டி அங்கே கொண்டு சேர்ப்பது யார்?

ஏரியில் மரபான 'பாடு' முறையில் வலை வீசும் உரிமை தலித், இருளர் குடும்பங்களுக்கு இல்லை. கையால் தடவி இறால் பிடிக்கும் தாய், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு நடந்தால் அன்றைக்கு அடுப்பு எரியாது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 16-ஆம் பிரிவில், இப்பிள்ளைகளுக்குப் போக்குவரத்து வசதி செய்துதரச் சொல்கிறது. அதிக உதவி தேவைப்படும் பிள்ளையின் துணையாளுக்கும் அது உண்டு.

'வீட்டிலேயே பாடம் நடத்துகிறோம்' என்பது வண்டி அனுப்பாததற்குச் சாக்காகக் கூடாது. ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டவர்கள் நாம். வீட்டுக்குள் ஒரு பிள்ளை ஒதுக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாமா? படிக்கும் தம்பி தங்கைகளே, பள்ளி மேலாண்மைக் குழுவில் வண்டி கேட்டு மனு எழுதிக் கொடுங்கள்.