வழி தெரிந்தவர்கள் தேவை

ஹைதராபாத் அமீர்பேட்டில், மைத்ரிவனம் பக்கம் நின்று அண்ணாந்து பார்த்தால் வானத்தைவிட போர்டுகள்தான் அதிகம் தெரியும். ஜாவா, பைத்தான், கிளவுட், டேட்டா சயன்ஸ். கட்டடத்துக்குக் கட்டடம், மாடிக்கு மாடி கம்ப்யூட்டர் பயிற்சி மையங்கள். ஆந்திரம், தெலங்கானா மட்டுமல்ல, ஒடிசாவிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் பொறியியல் பட்டத்தைப் பையில் வைத்துக்கொண்டு இளைஞர்கள் வந்து இறங்கும் இடம் அது. என் நண்பரின் மகனும் அப்படித்தான் திருநெல்வேலியிலிருந்து வந்தான். மூன்று மாதம் படித்தான். நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது.

வேலை கொடுக்கும் நிறுவனத்தின் திட்டம் பெரியது. நாம் நிற்கும் இடத்தை வைத்து, நமக்கு வேண்டியதைத் தேடித் தருவது. அருகில் பஞ்சர் ஒட்டும் கடை எது, இரவு பதினொரு மணிக்குத் திறந்திருக்கும் மருந்துக் கடை எது, அங்கே போக எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் விரல் நுனியில். இந்தியாவின் ஒவ்வொரு கடையையும் ஒவ்வொரு கதவையும் கணக்கில் கொண்டுவரப் போகிறார்களாம். அதற்குத்தான் புரோகிராமர்கள் தேவை.

துணைக்கு நானும் போனேன். முகவரியில் இருந்த கதவு எண்ணில் இரண்டு கோடுகள், அதன்பின் நான்கு இலக்கம், ஒரு சாய்கோடு, ஒரு எழுத்து, மறுபடி ஒரு சாய்கோடு. ஹைதராபாத்தின் பழைய கதவு எண் முறை அது. முதலில் வார்டு, பிறகு பிளாக், பிறகு வீடு. வீட்டைப் பிரித்தால் ஒரு சாய்கோடு கூடும். அடுத்த வீட்டின் எண் அடுத்த எண்ணாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. புதிய எண், பழைய எண் என்று இரண்டையும் சுமந்து திரியும் சென்னைக்காரர்களுக்கு இந்த அவஸ்தை புரியும். ஆட்டோ மூன்று முறை ஒரே தெருவைச் சுற்றியது. கடைசியில் இரானி டீக்கடைக்காரர் ஒருவர் தக்கனி உருதுவில் வழி சொன்னார்: மசூதியைத் தாண்டி, டிரான்ஸ்ஃபார்மருக்கு எதிரே, கீழே பேக்கரி இருக்கும், மேலே ஆபீஸ்.

இரண்டு மணி நேரம் கழித்துப் பையன் வெளியே வந்தான். ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிக்கும் கணக்கைக் கேட்டார்களாம். டச்சுக்காரரான டைக்ஸ்ட்ரா 1956-ல் ஆம்ஸ்டர்டாம் காபிக் கடை ஒன்றில் உட்கார்ந்து இருபதே நிமிடத்தில் யோசித்த முறை அது. எல்லா வழிகாட்டிச் செயலிகளுக்கும் பாட்டன். பையன் அதைப் பிசகில்லாமல் எழுதிவிட்டிருந்தான்.

"டீக்கடைக்காரர் மாதிரி வழி சொல்லத் தெரியுமான்னு கேட்டாங்களா?" என்றேன்.

"அது சிலபஸ்லயே இல்ல மாமா" என்று சிரித்தான்.

வேலை கிடைத்தது. நான் அதை மறந்தும் போனேன்.

ஹைதராபாத்தில் இப்படிப்பட்ட வேலைகள் இருப்பதில் வியப்பில்லை. உப்பலில் சர்வே ஆஃப் இந்தியாவின் பயிற்சி நிலையம் இருக்கிறது. பாலாநகரில் இஸ்ரோவின் தேசிய தொலை உணர்வு மையம் இருக்கிறது. செயற்கைக்கோள் படங்களைப் பொதுமக்கள் பார்க்க வைத்த 'புவன்' இணையதளம் 2009-ல் வந்தது. காகித வரைபடங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுவதைத் தொழிலாக எடுத்துக்கொண்ட இன்ஃபோடெக் எண்டர்பிரைசஸ் 1991-லேயே இங்கே தொடங்கப்பட்டது. இன்று அதன் பெயர் சயன்ட். மைக்ரோசாஃப்ட் 1998-லும் கூகுள் 2004-லும் வந்தன. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு, இந்திய நிறுவனங்கள் வரைபடத் தகவல்களைச் சேகரிக்கவும் வெளியிடவும் முன் அனுமதி தேவையில்லை என்று விதிகளைத் தளர்த்தியது. மூடிக் கிடந்த கதவு திறந்தது. ஆள் எடுப்பும் சூடு பிடித்தது.

மூன்று மாதம் கழித்துப் பையனிடமிருந்து போன். குரலில் பழைய சிரிப்பு இல்லை.

"மாமா, நீங்க தமிழ் எம்.ஏ.தானே? ஒரு சந்தேகம். ஒரு ஊர்ல கோயில் தெருன்னு நாலு இருக்கு. ஆங்கிலத்துல நாலும் நாலு விதமா எழுதியிருக்கு. எல்லாம் ஒண்ணா, வேற வேறயா?"

பத்து ஆண்டுகளுக்கு மேலாக மொழிபெயர்ப்பில் நான் படும் பாடு இப்போது கம்ப்யூட்டருக்கு வந்திருக்கிறது. கோயிலை ஒருவர் ஆங்கிலத்தில் ஐந்து எழுத்தில் எழுதுவார், இன்னொருவர் நான்கில். ழகரத்துக்கு ஒருவர் 'எல்' போடுவார், மற்றவர் 'இஸட்', 'எச்' இரண்டையும் போடுவார். தேடுகிறவர் எதைத் தட்டுவார் என்று யார் கண்டது? 2020-ல் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை பிறப்பித்தது. கோயம்புத்தூருக்கும் வேலூருக்கும் வந்த புதிய எழுத்துகளைப் பார்த்து உள்ளூர்க்காரர்களே திகைத்தார்கள். ஜூன் மாதத்தில் சர்ச்சை வெடித்த சில நாட்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. ஓர் அரசாங்கமே தடுமாறிய இடத்தில் 22 வயதுப் பையன் என்ன செய்வான்?

தெலங்கானாவிலும் இதே கதைதான். ஹைடெக் சிட்டிக்குப் பக்கத்தில் கொத்தகூடா இருக்கிறது. மாநிலத்தின் கிழக்கே, நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பேர்போன கொத்தகூடெம் இருக்கிறது. கம்ப்யூட்டருக்கு ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். பேருந்தில் போனால் ஒரு பகல். உள்ளூர்க்காரர் யாரும் இதில் குழம்ப மாட்டார். குழம்பக்கூடிய எல்லோரும் ஏ.சி. அறையில் உட்கார்ந்து விதி எழுதுகிறார்கள்.

தவறான கடைக்குப் போய்விட்டுத் திரும்பி வருவதோடு இது முடிந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். 2024 மே மாதம், ஹைதராபாத்திலிருந்து கேரளா போன நான்கு பேர், இரவு மழையில் வழிகாட்டிச் செயலியை நம்பிக் காரை ஓட்டி, கோட்டயம் மாவட்டம் குருப்பந்தரா அருகே வெள்ளம் நிறைந்த ஓடைக்குள் இறங்கினார்கள். கார் மூழ்கியது. அவர்கள் மீட்கப்பட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே போனவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ராம்கங்கா ஆற்றுப் பாலத்தின் ஒரு பகுதி வெள்ளத்தில் போயிருந்தது. செயலிக்கு அது தெரியவில்லை. கார் கீழே விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். பாலத்தை அடைக்காமல் விட்ட பொதுப்பணித் துறைக்கு இதில் முதல் பங்கு உண்டு. ஆனால் அந்தக் கிராமத்தின் எந்தக் கிழவரைக் கேட்டிருந்தாலும், அந்தப் பக்கம் போகாதே என்று சொல்லியிருப்பார்.

அந்தக் கிழவரை வேலைக்கு எடுப்பது எப்படி? இந்தக் கேள்வி புதிதல்ல. வரைபடம் வரைய ஆள் கிடைக்காமல்தான் 1794-ல் சென்னையில் எட்டு மாணவர்களோடு ஒரு சர்வே பள்ளி தொடங்கப்பட்டது. அதுவே இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி. 1802-ல் பரங்கிமலை அருகே லாம்ப்டன் அளக்கத் தொடங்கிய மாபெரும் முக்கோண சர்வே, அந்தக் காலத்தின் மிகப் பெரிய தகவல் திட்டம். லாம்ப்டனின் உதவியாளராக 1818-ல் நியமிக்கப்பட்ட எவரெஸ்ட் அவரிடம் வந்து சேர்ந்ததும் இதே ஹைதராபாத்தில்தான்.

அந்த சர்வே எடுத்த ஆட்களில் இருவரை நினைத்துப் பார்க்கிறேன். ஒருவர் ராதாநாத் சிக்தர். 1831-ல், இருபது வயதைத் தொடும் முன்பே, கல்கத்தா இந்துக் கல்லூரியிலிருந்து கணிதத் திறமைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவருடைய பதவியின் பெயரே 'கம்ப்யூட்டர்'. எவரெஸ்ட் சிகரமே உலகின் உயரமானது என்பது அவருடைய கணக்கிலிருந்துதான் வந்தது. இன்னொருவர் நயின் சிங் ராவத். குமாவுன் மலைக் கிராமமான மிலாமில் பள்ளி ஆசிரியர். 1863-ல் எடுக்கப்பட்டார். திபெத்தியர்களின் பேச்சும் பழக்கமும் தெரியும் என்பதே அவருடைய தகுதி. கையில் ஜெபமாலை, அதில் 108 மணிகளுக்குப் பதிலாக 100. நூறு அடிக்கு ஒரு மணி தள்ளி, காலடியாலேயே தூரத்தை அளந்து லாசா வரை போனார். 1877-ல் லண்டன் ராயல் ஜியாகிரஃபிகல் சொசைட்டி அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது.

வெள்ளைக்கார அரசுக்கு இந்தியர்கள் மேல் பெரிய பிரியம் ஒன்றும் கிடையாது. சிகரத்துக்கு சிக்தரின் பெயரை வைக்கவில்லை. ஆனாலும் கணக்குத் தெரிந்தவர் ஒருவர், ஊரும் மொழியும் தெரிந்தவர் ஒருவர் என்று இரண்டு வகை ஆட்களும் வேண்டும் என்பது அதற்குத் தெரிந்திருந்தது. இன்றைய திட்டங்கள் முதல் வகையை லட்சங்கள் கொடுத்துத் தேடுகின்றன. இரண்டாவது வகையை இலவசமாகவோ ஒப்பந்தக் கூலிக்கோ எதிர்பார்க்கின்றன. 2008-ல் கூகுள் கொண்டுவந்த 'மேப் மேக்கர்' இந்தியப் பொறியாளர்கள் லலிதேஷ் கட்ரகட்டாவும் சஞ்சய் ஜெயினும் முன்னின்று உருவாக்கியது. அற்புதமான யோசனை: அந்தந்த ஊர்க்காரர்களே தங்கள் ஊரை வரையலாம். லட்சக்கணக்கான தெருக்கள் அப்படித்தான் வரைபடத்துக்கு வந்தன. 2017-ல் அதை மூடினார்கள். புரோகிராமருக்குச் சம்பளம், தெருவைச் சொன்னவருக்கு நன்றி.

இந்தியர்கள் தெருப் பெயரைவிடக் கோயிலையும் பெட்ரோல் பங்க்கையும் வைத்துத்தான் வழி சொல்கிறார்கள் என்பதைப் புரிந்துகொண்டு, 2009-ல் கூகுள் தன் இந்திய வரைபடத்தின் வழிகாட்டுதலை மாற்றியது. அந்தப் புத்தி மக்களிடம் போய்க் கேட்டதால் வந்தது. 2025-ல் அஞ்சல் துறை 'டிஜிபின்' முறையை அறிமுகப்படுத்தியது. ஐ.ஐ.டி. ஹைதராபாத்தும் பாலாநகர் மையமும் சேர்ந்து உருவாக்கியது. நாடு முழுவதையும் ஏறக்குறைய நான்கு மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு. 1972-ல் பின்கோடு வந்ததுபோல இதுவும் பயன்படும். ஆம்புலன்சுக்கு நிச்சயம் பயன்படும். ஆனால் பத்தெழுத்தை மனப்பாடமாகச் சொல்லி யாரும் வீட்டுக்கு விருந்தாளியை அழைக்கப் போவதில்லை. அந்தச் சதுரத்தின் பெயர் என்ன, அங்கே என்ன இருக்கிறது, நேற்று இருந்த பாலம் இன்று இருக்கிறதா என்பதை யாராவது ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆகவே இந்த நிறுவனங்களுக்கு ஒரு யோசனை. பத்துப் புரோகிராமர்களை எடுக்கும்போது, தெலுங்கோ உருதுவோ தமிழோ ஒழுங்காகப் படித்த இரண்டு பேரையும் அதே மேசையில், அதே சம்பளத்தில் உட்கார வையுங்கள். ஊருக்கு ஒரு தபால்காரரை, ஓர் ஆட்டோ ஓட்டுநரை, கேட்கும் தகவலுக்குக் கூலி கொடுத்துக் கேளுங்கள். மொழி படித்தவர்களுக்கு வேலை இல்லை என்று எம்.ஏ. வகுப்புகள் காலியாகும் காலம் இது. அவர்களுக்கான வேலை உங்கள் கம்ப்யூட்டருக்குள்தான் தேங்கிக் கிடக்கிறது.

பையன் இப்போதும் வாரம் ஒரு முறை போன் செய்கிறான். போன வாரம் கேட்டது மேட்டுத் தெருவுக்கும் மேடத் தெருவுக்கும் உள்ள வித்தியாசம். சொன்னேன். முடிவில் தயங்கித் தயங்கி, "எங்க ஆபீஸ்ல உங்களுக்கு ஏதாவது கொடுக்கச் சொல்லட்டுமா மாமா?" என்றான்.

"மொதல்ல அந்த டீக்கடைக்காரருக்குக் கொடுக்கச் சொல்லு" என்றேன்.

"அவர் கடையை எடுத்துட்டாங்க மாமா" என்றான். "மேப்ல மட்டும் இன்னும் இருக்கு."